மோகனம்தானே!

மயிலாப்பூரில் எனக்கு ஒரு ரசிக நண்பர் உண்டு. வயது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். உறவு ஒன்றும் கிடையாது, இருந்தாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மார்கழி வந்தால் ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி. பாடகர் ஆலாபனைக்கு வாயைத் திறந்தவுடன் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் ராகத்தின் பெயரைப் போட்டுவிட்டுத்தான் சாய்ந்து உட்காருவார். அவருக்கு ஒரு நாள் குச்சின் வாசிப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். குச்சின் என்பது சீனாவின் ஏழு நரம்பு வாத்தியம். படுக்கவைத்து வாசிப்பது, மெட்டுகள் கிடையாது. இருபது வினாடி கேட்டிருப்பார்.

"மோகனம். அடுத்தது போடு."

அதே வாரம் பல் வைத்தியரிடம் போகவேண்டியிருந்தது. வரவேற்பறையில் புத்தர் தலை, கூழாங்கல் மேல் தண்ணீர் வழியும் ஒரு பொம்மை அருவி. கூரையிலிருந்து ஷகுஹாச்சி, அதாவது ஜப்பானிய மூங்கில் குழல், வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டதும் புரிந்தது, அது குழலே இல்லை. கீபோர்டில் பதிந்து வைத்த குழல். மூச்சு உரசும் சத்தம் ஒவ்வொரு சுரத்துக்கும் அச்சடித்த மாதிரி ஒரே உரசல். "என்ன பாட்டுங்க இது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஜென் மியூசிக் சார். டென்ஷன் குறையும்" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த இருவர் மேலும் வந்த கோபத்தில் எழுதுவது. பாவம், அந்தப் பெண்ணை விட்டுவிடலாம். அவளுக்கு அதைப் போடச் சொன்னவர்கள் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வல்லுநன் கிடையாது. ஏழு வருடம் வீணை கற்றுப் பாதியில் விட்டவன், பிறகு வேலை நிமித்தம் கிழக்கே சில வருடங்கள் இருந்தவன். என் வழக்கு இதுதான்: சீன, ஜப்பானிய இசையை நாம் ஊரும் பேரும் தேதியும் இல்லாத ஒன்றாகக் கேட்கிறோம். மாமா அதை ஒரு ராகப் பெயரில் மூடுகிறார், பல் வைத்தியர் அதைப் பொம்மை அருவியில் கரைக்கிறார். இரண்டு பேருமே அதை வாசித்த ஆளைப் பார்ப்பதில்லை.

முதலில் மோகனம். மாமா சொன்னது முழுக்கத் தப்பு என்றால் வேலை சுலபம். முக்கால்வாசி சரி என்பதுதான் வம்பு. சீன மெட்டுகள் பலவும் ஐந்து சுரத்தில் நிற்கின்றன, அந்த ஐந்தும் மோகனத்தின் ஐந்துதான். ஆனால் கிரகபேதம் தெரிந்த மாமாவுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிஷபத்தை ஆதாரமாக்கினால் மத்தியமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம், பஞ்சமத்தில் சுத்த சாவேரி, தைவதத்தில் சுத்த தன்யாசி. சீனர்களும் இந்த ஐந்து நிலைக்கும் தனித்தனிப் பெயர் வைத்துத் தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். நம் ராகங்கள் ஐந்தையும் கொண்டுபோய் ஒரு வெளிநாட்டுக்காரன் "எல்லாம் ஒண்ணுதானே" என்றால் மாமா சபா கான்டீனிலேயே அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

ஜப்பானுக்கு வந்தால் இந்த முக்கால்வாசியும் போய்விடுகிறது. எடோ காலத்து நகர இசை, அதாவது கொத்தோவும் ஷாமிசெனும் வாசித்தவை, பெரும்பாலும் சுத்த ரிஷபம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம் என்று நடப்பவை. கர்நாடக சுத்த சாவேரி என்று சொல்லலாம், அதுவும் ஏறும்போது வேறு சுரம் எட்டிப் பார்க்கும். மோகனத்தின் சாயல்கூட இல்லை.

ஐந்து சுரத்துக்கு மேல் அவர்களுக்குத் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கல்லறையைக் காட்டலாம். 1978-ல் ஹூபே மாகாணத்தில் ஜெங் என்ற சிறு நாட்டின் பிரபு யீ என்பவரின் கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 433-ஐ ஒட்டிப் புதைக்கப்பட்டவர். உள்ளே 65 வெண்கல மணிகள், சட்டத்தில் தொங்கியபடி. ஒவ்வொரு மணியும் நடுவில் அடித்தால் ஒரு சுரம், ஓரத்தில் அடித்தால் இன்னொரு சுரம். எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று மணி மேலேயே பொறித்திருக்கிறது. நடு ஸ்தாயிகளில் பன்னிரண்டு சுரஸ்தானமும் கிடைக்கிறது. பிறகு 1584-ல் மிங் வம்சத்து இளவரசர் ஜூ ட்ஸாய்யூ, ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக்கும் கணக்கைப் போட்டு முடித்தார். இன்று உலகத்துப் பியானோக்கள் நிற்பது அந்தக் கணக்கில்தான். அவர் ஊர் அரசவை அதைச் சட்டை செய்யவில்லை என்பது தனிச் சோகம். ஐந்தில் நின்றது அறியாமையால் இல்லை ஐயா, விருப்பத்தால்.

சரி, சுரக்கணக்கு போதும். உண்மையில் குச்சினைச் சுரத்தில் தேடுவதே தப்பான அலமாரியில் தேடுவது. வலது கை நரம்பைத் தட்டியவுடன் பாட்டு முடிந்துவிடுவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. இடது கட்டைவிரல் நரம்பை அழுத்தியபடியே பலகை மேல் சறுக்கும், ஆடும், நின்று திரும்பும். நாதம் தேய்ந்து கிட்டத்தட்டச் செத்துவிடும், விரல் மட்டும் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். கடைசியில் கேட்பது பட்டு நரம்பில் தோல் உரசும் சத்தம்தான். வீணையில் நரம்பை இழுத்து கமகம் பிடித்தவர்களுக்கு அந்த இடம் தெரியும், மீட்டு தேய்ந்த பிறகும் விரலுக்கடியில் சங்கதி மிச்சமிருக்கும். எங்கள் டீச்சர் "மீட்டு போனா போகட்டும், பாட்டு போகக்கூடாது" என்பார். குச்சின்காரர்கள் அந்தப் போன மீட்டிலேயே குடியிருக்கிறார்கள்.

இதைவிட விசேஷம் அதன் எழுத்துமுறை. குச்சின் சுரலிபியில் சுரமே இல்லை! எந்த நரம்பு, எந்த விரல், உள்நோக்கியா வெளிநோக்கியா, பலகையில் பதித்த பதின்மூன்று புள்ளிகளில் எதற்கு அருகே, பிறகு எப்படிச் சறுக்கவேண்டும் என்று ஒரு கட்டளைக் கொத்து. எவ்வளவு நேரம் என்பது கிடையாது. தாளம் கிடையாது. மிங் இளவரசர் ஜூ ச்சுவான் 1425-ல் அச்சிட்ட தொகுப்பில் ஒவ்வொரு உருப்படிக்கும் விரல் இருக்கிறது, காலம் இல்லை. அதை வாசிக்க நினைப்பவர் அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, எங்கே மூச்சு, எங்கே அவசரம் என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு 'தாபூ' என்று பெயர். ஒரு உருப்படிக்கு மாதங்கள், சிலசமயம் வருடங்கள். குவான் பிங்ஹூ (1897–1967) அப்படித்தான் பெரிய உருப்படிகள் சிலவற்றை ஏட்டிலிருந்து எழுப்பினார். 1956-ல் ஜா ஃபூஷி என்ற கலைஞர் ஒரு சிறு குழுவோடு ஊர் ஊராகப் போய், உயிரோடிருந்த குச்சின்காரர்களைத் தேடிப் பதிவுசெய்தார். பத்து வருடம் கழித்துக் கலாச்சாரப் புரட்சி வந்தது. பழைய கனவான்களின் வாத்தியம் என்று அதைத் தொடவே பயந்தார்கள். பட்டு நரம்பு முறுக்குவது அருகிப்போய் உலோகத்தின் மேல் நைலான் சுற்றிய நரம்பு வந்தது. அந்த உரசல் சத்தம், நான் மேலே சொன்னேனே, அது பாதி போயிற்று.

குவான் பிங்ஹூ வாசித்த 'ஓடும் நீர்' 1977-ல் வாயேஜர் விண்கலங்களோடு போன தங்கத் தட்டில் இருக்கிறது. ஏழரை நிமிடத்துக்கு மேல். அதே தட்டில் நம் கேசர்பாய் கேர்கரின் பைரவியும், யாமகுச்சி கோரோவின் ஷகுஹாச்சியும் உண்டு. இந்த 'ஓடும் நீர்' பற்றி எங்கே படித்தாலும் ஒரே வாசகம்: போயா என்ற பழங்காலத்து மேதையின் பாட்டு, இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம். போயா கதை அழகானதுதான். அவர் மலையை நினைத்து வாசித்தால் மலையையும், நீரை நினைத்து வாசித்தால் நீரையும் கேட்ட ஒரே நண்பன் இறந்ததும் வாத்தியத்தை உடைத்தாராம். ஆனால் அந்தப் பதிவில் நடுவே வெள்ளம் சுழித்துப் பாய்கிறதே, நரம்பெல்லாம் ஒன்றாக உருளும் அந்த இடம், அது போயா போட்டதில்லை. ஜாங் கோங்ஷான் என்ற தாவோ துறவி, சிச்சுவானில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்தது. 1876-ல் அச்சேறியது. நம் ஆட்களில் யாராவது பட்டணம் சுப்பிரமணிய ஐயர் காலத்துச் சங்கதியைத் தூக்கிச் சங்க காலத்தில் வைத்தால் சும்மா இருப்போமா? ஜாங் கோங்ஷானுக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை? இரண்டாயிரத்து ஐந்நூறு என்று சொன்னால் கேட்பவருக்குப் புல்லரிக்கிறது, 1876 என்றால் புல்லரிப்பதில்லை. அவ்வளவுதான் காரணம்.

'மாறாத கிழக்கு' என்ற இந்தக் கட்டுக்கதை ககாகுவின் மேல் போல வேறெதன் மேலும் அப்பிக்கிடக்கவில்லை. ககாகு ஜப்பானிய அரசவை இசை. 701-ல் சட்டம் போட்டு அதற்கென ஓர் அலுவலகமே வைத்தார்கள். மேடையில் அதைக் கேட்டால் காலம் உறைந்த மாதிரி இருக்கும், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் நாம் கிளம்பி வீட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றும். அது பாதிக்கு மேல் சீனாவின் தாங் வம்சத்துச் சரக்கு, விருந்துகளில் ஆட்டத்துக்கு வாசித்தது. கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் பிக்கன் என்பவர் பழைய ஏடுகளை வைத்துக்கொண்டு சொன்னது, இந்த மெட்டுகள் ஜப்பானில் நூற்றாண்டு நூற்றாண்டாக இழுபட்டு இழுபட்டுப் பல மடங்கு மெதுவாகிவிட்டன, வேகத்தைத் திருப்பிக் கொடுத்தால் உள்ளே ஒரு துள்ளலான பாட்டு இருக்கிறது என்று. ஜப்பானில் பலருக்கு இது பிடிக்கவில்லை. நான் அவர் பக்கமா என்றால், முழுக்க இல்லை. மெதுவானதும் ஒரு வரலாறுதானே, அதை அழித்துவிட்டு 'அசல்' தேடுவானேன்? ஆனால் தெய்வீக அசைவின்மை என்று நாம் கண்ணை மூடிக்கொள்வது ஒரு காலத்து ஆட்டப் பாட்டு என்று தெரிந்தபின் கண்ணைத் திறந்து கேட்கத் தோன்றுகிறது. நடுவில் 1467-ல் தொடங்கிப் பத்து வருடம் கியோட்டோ எரிந்தது, வாத்தியக் குடும்பங்கள் சிதறின. மெய்ஜி ஆட்சியில் எஞ்சியவர்களை ஒன்று திரட்டி மேற்கத்திய வாத்தியமும் கற்கச் சொன்னார்கள். இன்றும் அரண்மனைக் கலைஞர்கள் ககாகுவையும் வாசிப்பார்கள், விருந்தாளி நாட்டுத் தலைவருக்கு மேற்கத்திய இசையும் வாசிப்பார்கள். உறைந்த காலமாம்!

இங்கே நம் ஊர்ப் பெருமைக்காரர்கள் கையைத் தூக்குவார்கள் என்று தெரியும். அவர்களுக்கும் உண்மையான ஒரு கயிறு இருக்கிறது, நான் மறைக்கவில்லை. கி.பி. 568-ல் துருக்கிய இளவரசி ஒருத்தி வட சீன அரசனுக்கு மணமாகி வந்தபோது, கூட குச்சா நாட்டு பீப்பா கலைஞர் ஒருவர் வந்தார். சீன ஏடுகள் அவரை சூ ஜிபோ என்கின்றன. சுஜீவன் என்ற பெயராக இருக்கும் என்பார்கள். தகப்பன் வழி வந்த ஏழு பண்முறைகள் என்று அவர் சொன்ன பெயர்களில் கைசிகம், ஷட்ஜக்ராமம், பஞ்சமம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக் கல்வெட்டில் ஏழு ராகங்களுக்குச் சுரக்கோவை வெட்டியிருக்கிறதே, அந்த ஏழோடு இந்த ஏழை ஒப்பிட்டும் எழுதியிருக்கிறார்கள். பஞ்சமத்தின் சீன உச்சரிப்பு மேலும் உருண்டு ஜப்பானுக்குப் போய் 'பன்ஷிகி' என்று ககாகுவின் ஆறு முறைகளில் ஒன்றுக்குப் பெயராக நிற்கிறது. 736-ல் போதிசேனர் ஜப்பானில் இறங்கினார், 752-ல் நாராவில் தோதாய்ஜி மகாபுத்தருக்குக் கண் திறந்துவைத்தார். அவருடைய நினைவுக் கல்வெட்டு அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்கிறது.

இதெல்லாம் எனக்கும் சிலிர்ப்புதான். ஆனால் இதிலிருந்து "ஜப்பான்காரன் வாசிக்கிறதே நம்ம பண்தான்" என்று வாட்ஸாப்பில் தாவுகிறார்களே, அது மாமாவின் மோகனத்துக்கு அண்ணன். போதிசேனரோடு அதே கப்பலில் வந்த புத்தெத்சு சம்பா நாட்டுக்காரர், இன்றைய வியட்நாம். அவர் பேரிலும் ககாகுவில் ஆட்டங்கள் இருக்கின்றன. கொரியாவிலிருந்து வந்தது தனிப் பிரிவாகவே இருக்கிறது. நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டு ஐந்து நரம்பு பிவா ஒன்று இருக்கிறது. சிப்பி பதித்தது. மீட்டுகோல் படும் இடத்தில் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து ஒருவன் வாத்தியம் வாசிக்கிறான். ஒட்டகமே இல்லாத தீவில் ஒட்டகம்! அந்த ஒட்டகத்தின் முதுகில் பாரசீகம், குச்சா, சீனம், நாம் எல்லோரும் ஏறியிருக்கிறோம். ஒருவர் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "என் ஒட்டகம்" என்றால் சிரிப்புதான் வரும்.

இப்போது பல் வைத்தியர். ஷகுஹாச்சி ஜென் இசை என்பது பொய்யில்லை. ஃபூகே என்ற ஜென் பிரிவின் துறவிகள் தலைமுழுதும் மறைக்கும் பிரம்புக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு தெருத்தெருவாய் வாசித்துப் பிச்சை எடுத்தார்கள். ஆனால் அந்தக் கூடைக்குள் யார்? பெரும்பாலும் எஜமானை இழந்த சாமுராய்கள். சாமுராய் குலத்தவருக்கே அந்த உரிமை என்று வைத்துக்கொண்டார்கள், நாடு முழுதும் தடையில்லாமல் நடமாடும் சலுகையும் கேட்டார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டிய 1614-ம் வருடத்து ஷோகுன் சாசனம் போலி என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. ஒற்றர்கள் என்ற பேச்சும் அடிபட்டது. வேலை போன போர்வீரர்கள், போலிப் பட்டயம், முகம் தெரியாத பிச்சை. டென்ஷன் குறைக்கும் இசையாம். அவர்களுக்கு இருந்த டென்ஷனை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 1871-ல் மெய்ஜி அரசு அந்தப் பிரிவையே கலைத்துவிட்டது. குழல்காரர்கள் கொத்தோ, ஷாமிசென்காரர்களோடு சேர்ந்து கச்சேரி வாசித்துப் பிழைத்ததால்தான் குழல் பிழைத்தது.

அதே 1871-ல் இன்னொன்றையும் கலைத்தார்கள். பார்வையற்ற ஆண்களின் சங்கம், தோதோ. பல நூற்றாண்டுகள் பிவா, பிறகு கொத்தோ, ஷாமிசென் கற்பிக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. கொத்தோவைப் புதிதாகச் செய்த யாத்சுஹாஷி கெங்யோ (1614–1685) அவர்களில் ஒருவர். கெங்யோ என்பது பெயரில்லை, அந்தச் சங்கத்தின் உயர்ந்த பதவி. புனிதர்கள் என்று எண்ணிவிட வேண்டாம், சங்கத்துப் பெரியவர்கள் கடும் வட்டிக்குப் பணம் கொடுத்தும் பேர் வாங்கினார்கள். பெண்களுக்கு அதில் இடமில்லை. பார்வையற்ற பெண்கள் கோஸே என்று தனிக் குழுவாக, நீகாதா பக்கம் பனியில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஊர் ஊராய் ஷாமிசென் வாசித்துப் பாடினார்கள். அவர்களில் கடைசியானவர் என்று சொல்லப்படும் கோபயாஷி ஹாரு 1900-ல் பிறந்து 2005-ல்தான் இறந்தார். அவர் குரலைக் கேட்டுப் பாருங்கள். அதைப் போட்டால் பல் வைத்தியரிடம் ஒருவரும் உட்காரமாட்டார்கள்.

ஷாமிசெனிலும் பிவாவிலும் வேண்டுமென்றே ஒரு அதிர்வை, ஒரு 'ஜ்ஜ்' சத்தத்தை, வைப்பார்கள். 'சவாரி' என்று பெயர். தம்பூராவில் நூல் வைத்து ஜீவா பிடிக்கிறோமே, அதேதான். ஓய்வு இசைப் பதிவுகளில் முதலில் துடைப்பது இந்தச் சவாரியைத்தான், காதில் குத்துகிறதாம்.

நியாயமாக ஒரு எதிர்க்கேள்வியும் உண்டு. "தூங்க வைக்கிறது தப்பாய்யா? தாலாட்டு இல்லையா நமக்கு? நீலாம்பரி எதுக்கு?" என் அப்பா கடைசி மாதங்களில் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். நானே ஒரு எட்டு மணி நேரக் குச்சின் பதிவைத் தேடி அவர் தலைமாட்டில் வைத்தேன். தூங்கினார். அதனால் எனக்கு இதில் பெரிதாகப் பேச வாயில்லை. ஆனால் விடிகாலையில் அந்தப் பதிவு யார் வாசித்தது என்று பார்த்தேன். 'பண்டைய சீனத் தியான இசை' என்று இருந்தது. மலை, மேகம், கொக்கு. பெயர் இல்லை. சபா நோட்டீஸில் கடம் வாசித்தவர் பெயர் விட்டுப்போனால் செயலாளரைச் சட்டையைப் பிடிக்கிறவர்கள் நாம். என் அப்பாவைத் தூங்கவைத்தவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

பழசே உசத்தி என்று சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் புத்தாண்டு என்றால் கடைகளில் எல்லாம் ஒலிக்கும் 'வசந்தக் கடல்' ஆதி காலத்துப் பாட்டு என்றே நானும் நினைத்திருந்தேன். மியாகி மிச்சியோ 1929-ல் எழுதியது. அவரும் பார்வை இழந்தவர். சீனத்து அர்ஹூ தனிக்கச்சேரி வாத்தியமானதே லியூ தியென்ஹுவா (1895–1932) போன்றவர்கள் வயலினையும் கற்றுக்கொண்டு வந்து அதற்கென உருப்படிகள் எழுதிய பிறகுதான். புதுசாகட்டும், கலப்பாகட்டும். யார், எப்போது, ஏன் என்பதைத் துடைக்காதே என்பதுதான் என் சண்டை.

துடைப்பதில் அரசாங்கங்களும் குறைச்சல் இல்லை. வூஷி நகரத்துத் தெருக்களில் வாசித்துத் திரிந்த ஆபிங் 1950-ல், பார்வை போய்ப் பல வருடமாகி, இரண்டு வருடமாக வாத்தியத்தையே தொடாமல் இருந்தார். யாங் இன்லியூவும் சாவ் ஆன்ஹெயும் கம்பி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்கள். மூன்று நாள் பழகிக்கொள்ள அவகாசம் கேட்டு, இரவல் வாத்தியத்தில் வாசித்தார். அர்ஹூவில் மூன்று, பீப்பாவில் மூன்று. டிசம்பரில் இறந்துபோனார். அந்த ஆறுதான் மிச்சம். அதில் ஒன்றுக்குப் பெயர்கூட இல்லை, பதிவின்போதுதான் 'இரண்டாம் ஊற்றில் நிலா' என்று வைத்தார்கள். பிறகு அது நாட்டின் சொத்தாயிற்று, பெரிய வாத்தியக் குழுவுக்கு விரித்தெழுதினார்கள். அவர் தாவோ கோயில் பிள்ளை என்பதும் அபின் பழக்கமும் பின்னால் தள்ளப்பட்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் கலைஞர் என்ற சட்டை மாட்டப்பட்டது. ஒடுக்கப்பட்டவர்தான், சந்தேகமில்லை. ஆனால் சட்டைக்குள் இருந்தவன் அதைவிடச் சிக்கலான ஆள். அந்தப் பதிவில் வில் நரம்பை விட்டு எழும்பும்போது ஒரு இரைச்சல், பிறகு மறுபடி அழுத்தம். பெரிய குழு வாசிக்கும்போது அந்த இரைச்சல் எங்கே போகும்?

போன மாதம் மாமா வீட்டுக்குப் போனபோது இதைப் போட்டேன். கதை எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாயைத் திறந்தார். மோ என்று வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. முடியும்வரை தொடையில் கையை வைத்தபடி இருந்தார்.

"நரம்புக்குக் கீழ என்னமோ அதிர்றதே. பலகை இல்லையே அது. தோலா?"

"ஆமா மாமா. மலைப்பாம்புத் தோல்."

"பாம்புத் தோலா!" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "இந்தா, அடுப்பை அணைச்சுட்டு வாயேன். இங்க ஒருத்தன் பாம்புத் தோல்ல வில்லு போட்டு என்ன பண்றான் பாரு." பிறகு என்னிடம், "பேர் என்ன சொன்னே?"

நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன்.